நீ உயர்த்திவைத்த வீடு

பிரபு,

என் வலது இடுப்பு மூட்டும் தேய்ந்துவிட்டது. போன வாரம் வேலூரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இதையும் மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை நீ எத்தியோப்பியாவுக்கு விமானம் ஏற வேண்டும். ஏறு.

சொல்லிவிட்டேன். இனி நிதானமாக எழுதலாம்.

உன் பெட்டி கூடத்தில் திறந்தபடி கிடக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறேன். தரையில் எதுவும் கிடக்கக் கூடாது என்று இந்த வீட்டுக்குச் சட்டம் போட்டவன் நீ. நீ ஃபேக்டரியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வரப் போயிருக்கிறாய். அப்பா வாசலில் பேப்பர் படிக்கிறார், அதாவது பேப்பரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இதையெல்லாம் உன்னிடம் நேரில் பேசிவிடலாம்தான். பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீ குறுக்கே வருவாய். காகிதத்தில் அது முடியாது.

நான் உன்னிடம் சொல்வதில் அப்பாவுக்குச் சம்மதமில்லை. "அவன் போய் எறங்கட்டும். அப்புறம் போன்ல சொல்லிக்கலாம். இப்ப சொன்னா பெட்டியப் பிரிச்சிடுவான்" என்றார். பிரிப்பாய் என்று எனக்கும் தெரியும். போன வருஷம் ஒரு வேலையை எனக்காக விட்டவன் நீ. அப்போது ஒரு விஷயம் நம் யாருக்கும் தெரியாமல் இருந்தது, அதனால் விட்டாய். இந்தத் தடவை தெரியாதது எதுவும் இருக்கக் கூடாது. தெரிந்துகொண்டு நீ போக வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும்.

என் இடது இடுப்பு எப்போது கெட ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், நீ பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு என் கூடவே நடந்து வந்த காலம். கரும்பலகையிலிருந்து மேசைப் பக்கம் திரும்பும்போது தொடை இடுக்கில் ஒரு குத்தல். சாக்பீஸைக் கீழே போட்டால் குனிந்து எடுக்க யோசித்தேன். அப்போது பார்த்த டாக்டர், "வயசு கம்மி. இப்பவே மூட்டு மாத்தினா அது தேஞ்சு திரும்ப மாத்த வேண்டி வரும். எவ்வளவு தள்ள முடியுமோ தள்ளுங்கம்மா" என்றார். தள்ளினேன். வலி, மாத்திரை, பாடம், மறுபடி வலி. வருஷங்கள் போயின. கால் மெல்ல மெல்லக் குட்டையானது. ஒரு அடி அழுத்தி விழும், அடுத்தது லேசாக விழும். வராந்தாவில் அந்தத் தாளத்தைக் கேட்டே எட்டாம் வகுப்பு பேச்சை நிறுத்தும். அதில் எனக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. ஒழுங்காக நடக்கிற டீச்சர்கள் அதட்ட வேண்டியிருந்தது.

நீ தோல் ஷூ படிப்பு முடித்து ஃபேக்டரியில் சாம்பிள் ரூமில் சேர்ந்தாய். புது மாடல் ஷூவை முதல் ஜோடி செய்து பார்க்கிற இடம். சேர்ந்த மாதமே என் கறுப்புச் செருப்பைக் காணோம். தேடித் தேடிச் சலித்து ரப்பர் செருப்போடு பள்ளிக்கூடம் போனேன். இரண்டு நாள் கழித்து அது வாசலில் இருந்தது. காலை நுழைத்தேன். ஏதோ மாறியிருந்தது. என்னவென்று தெரியவில்லை. வராந்தாவில் நடந்தேன். எட்டாம் வகுப்பு பேச்சை நிறுத்தவில்லை.

சாயங்காலம் வந்து சிரித்தாய். "இடது பக்கம் அடியில கொஞ்சம் ஏத்திட்டேம்மா. வலது பக்கம் கொஞ்சம் எழைச்சிட்டேன். வெளிய தெரியுதா பாரு." தெரியவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடியின் ஓரத்தைத் தோலால் மூடி, ஒரே உயரம் போலக் கண்ணை ஏமாற்றியிருந்தாய். அதற்குப் பிறகு நான் போட்ட எல்லாமே அப்படித்தான். பள்ளிக்கூடச் செருப்பு, கல்யாண வீட்டுச் செருப்பு, வீட்டுக்குள் போடுவது, குளியலறை ரப்பர் செருப்பு வரைக்கும். உன் வேலை சுத்தம். அவ்வளவு சுத்தமாக இருந்ததால் நாளாக ஆக அதை எல்லோரும் மறந்துபோனோம். செய்த நீயும் மறந்துபோனாய்.

பிறகு தள்ள முடியாத நாள் வந்தது. ஓடுகிற பஸ்ஸில் ஏறுவதில்லை. அப்புறம் நிற்கிற பஸ்ஸிலும் ஏற முடியவில்லை. அதே சமயத்தில் உனக்கு எத்தியோப்பியாவிலிருந்து முதல் அழைப்பு வந்தது. அங்கே புதிதாக ஷூ ஃபேக்டரி தொடங்குகிறார்கள், சாம்பிள் ரூமை நீ பார்த்துக்கொள்ள வேண்டும். "அம்மா நடந்தா போறேன்" என்றாய். விளையாட்டாகச் சொல்வதுபோலச் சொன்னாய். ஆனால் அடுத்த நாளே என்னை வேலூருக்குக் கூட்டிப் போனாய்.

வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய டாக்டர் அவர். சின்ன நர்சிங் ஹோம். படுக்கைகள் கம்மி. "நான் இருந்த ஊர்ல சில பேரைக் காலைல ஆபரேஷன் பண்ணி சாயங்காலமே வீட்டுக்கு அனுப்ப ஆரம்பிச்சிட்டாங்க" என்று பேச்சுவாக்கில் சொன்னார். நீ விடவில்லை.

"இங்க ஏன் சார் முடியாது?"

"கால் எல்லா ஊர்லயும் ஒரே கால்தான் தம்பி. வீடுதான் வேற. நம்ம வீட்ல எல்லாமே தரைல இருக்கு. தரைல உக்காருவாங்க, தரைல படுப்பாங்க, கக்கூஸும் தரைலதான். புது மூட்டுக்கு முட்டி இடுப்புக்கு மேல போகக் கூடாது. போனா நழுவிடும். அந்த பயத்துலதான் நாள் கணக்கா இங்கயே வெச்சுக்கறோம்."

"வீட்டை மாத்திட்டா?"

அவர் உன்னைப் பார்த்துச் சிரித்தார். "மாத்திட்டு வா. பேசலாம்."

மாற்றினாய். பிரபு, அந்த வாரங்களை நான் மறக்க மாட்டேன். ஷூவுக்குக் கால் அளவு எடுக்கிற மாதிரி என் முட்டி உயரத்தை எடுத்தாய். கட்டிலின் கால்களுக்குக் குழி வெட்டிய மரக்கட்டை வைத்து உயர்த்தினாய். நாற்காலிகளில், ஷூவின் அடிப்பாகத்துக்குப் போடுகிற ரப்பர் ஷீட்டை அடுக்கடுக்காக ஒட்டி ரெக்சின் தைத்தாய். கேட் செய்கிறவரிடம் போய் இரும்புச் சட்டத்தில் ஒரு கழிவறை நாற்காலி செய்து வந்தாய். கோரைப்பாய், கால்மிதி, தரையில் ஓடிய வயர், எல்லாம் பரண்மேல் போனது. குனியாமல் செருப்பு போட, ஃபேக்டரி ஷூ கரண்டியில் நீளக் குச்சி கட்டினாய். தூங்கும்போது கால்கள் ஒன்றின்மேல் ஒன்று விழாமலிருக்க, தொடைகளுக்கு நடுவே வைக்க ஒரு முக்கோணத் தலையணை தைத்தாய். வாக்கரின் கைப்பிடி வழுக்குகிறது என்று அதற்கு மெல்லிய ஆட்டுத்தோல் சுற்றினாய். பக்கத்து வீட்டு ஷமீம் அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அல்லா, வெள்ளைக்காரன் கால்ல போடற தோலு. நீங்க கைல புடிக்கிறீங்க டீச்சரம்மா" என்றார்.

வீட்டை மாற்றிய பிறகு என்னை மாற்ற ஆரம்பித்தாய். ஆபரேஷனுக்கு முன்பே வாக்கரில் நடந்து பழக வேண்டும் என்றாய். கூடத்தில் நடந்தேன். அது போதாது என்று தெருவில் இறக்கினாய். எனக்கு வெட்கமாக இருந்தது. என்னிடம் படித்த பிள்ளைகள் சைக்கிளில் போகிற தெரு.

"இன்னா டீச்சரம்மா, இன்னும் ஆபரேஷனே ஆவல. அதுக்குள்ள ரிகர்சலா?" ஷமீம் அக்கா மாடியிலிருந்து கத்தினார்.

"ஆமாம்க்கா. பரீட்சைக்கு முன்னாடி படிக்கணும்ல?" நான் சொல்வதற்குள் நீ சொன்னாய்.

கைகளுக்குப் பயிற்சி. தொடையை இறுக்கி விடும் பயிற்சி. பல் டாக்டர். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தில் போய்ப் புது மூட்டில் உட்கார்ந்துகொள்ளும் என்றார்கள். இடுப்புக்குப் போனவளுக்குப் பல்லைப் பிடுங்கினார்கள். அப்பா அன்று மட்டும் ஒரு ஜோக் சொன்னார். "கீழ இருந்து ஆரம்பிப்பாங்கன்னு பாத்தா மேல இருந்து வர்றாங்க." அதற்குப் பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அப்பாவின் பயத்துக்குச் சத்தம் கிடையாது.

ரத்தம் வேண்டும் என்றதும் இம்ரானைக் கூட்டிவந்தாய். கட்டிங் செக்‌ஷனில் வேலை, ஒரு காலத்தில் என் வகுப்பில் கடைசி பெஞ்ச். ஊசியைப் பார்த்ததும் அந்தப் பெரிய உடம்பு சுவரோடு சாய்ந்துவிட்டது. இருந்தும் கொடுத்துவிட்டுத்தான் போனான். பிறகு என்னைப் பார்க்க வந்தபோது, "டீச்சர், இனிமே உங்க ஒடம்புல ஓடறது பிரியாணி ரத்தம். ஜாக்கிரதை" என்றான். "அதான் ரெண்டு நாளா பசி ஜாஸ்தியா இருக்குடா" என்றேன். மூச்சுத் திணறச் சிரித்தான்.

ஆபரேஷன் பற்றி உன்னிடம் நான் பேசியதில்லை. முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே நான் இல்லாமல் போனேன். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. வலி இல்லாத சத்தம். பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்பதுபோல. அந்த வீடு நான்தான் என்று ஒரு கணம் தோன்றியது. பயம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. உடம்பை ஒரு பொருளாக நினைக்க எனக்கு எந்தப் புத்தகமும் கற்றுத் தரவில்லை. உனக்கு அது தொழிலாகவே தெரியும். காலை அளவாக, எடையாக, அழுத்தமாகப் பார்ப்பாய். முன்பெல்லாம் அதைக் கொஞ்சம் வறட்சி என்று நினைத்திருக்கிறேன். மேசையில் படுத்துக்கொண்டு அதை மரியாதை என்று புரிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலமே நிற்க வைத்தார்கள். மறுநாள் மதியம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தா முனைவரை போனேன். டாக்டர் உன்னைக் கூப்பிட்டு நிறையக் கேட்டார். கட்டில் எவ்வளவு உயரம், வாசலில் படி எத்தனை, கழிவறைக்கு எப்படிப் போவார்கள், ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசியை யார் போடுவார்கள். எல்லாவற்றுக்கும் உன்னிடம் பதில் இருந்தது. "சரி, கூட்டிட்டுப் போ. ஏதாவதுன்னா உடனே வந்துடணும்" என்றார். அந்த நர்சிங் ஹோமிலிருந்து அவ்வளவு சீக்கிரம் வீட்டுக்குப் போனவள் நான்தான் என்று நர்ஸ் சொன்னாள். அதில் எனக்கு மாணவியாக இருந்த காலத்துப் பெருமை வந்தது. நாலு வழிச் சாலைக்காக ஹைவேஸை வழியெல்லாம் தோண்டிப்போட்டிருந்த சமயம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் டிரைவரின் தோளில் கை வைத்தாய். ஆம்பூர் வந்துசேர்வதற்குள் அந்த மனிதர், "தம்பி, நான் முட்டை வண்டியே ஓட்டியிருக்கேன்" என்றார்.

அடுத்த வாரங்கள். ஷமீம் அக்கா வந்து உடம்பு துடைத்து விடுவார். மற்றதெல்லாம் நீ. காலுறை மாட்டுவது, ஊசி போடுவது, குதிகாலுக்கு அடியில் கை கொடுத்துக் காலைக் கட்டிலில் ஏற்றுவது. கழிவறை நாற்காலியின் வாளியை முதல் தடவை நீ எடுத்துப் போனபோது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். நீ திரும்பி வந்து கை கழுவிக்கொண்டே சொன்னாய். "ம்மா, நான் டேனரில ட்ரெய்னிங் எடுத்தவன். பச்சத் தோலு ஊற வெச்ச தொட்டி நாத்தத்துக்கு முன்னாடி நீ சும்மா." எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. "சிரிக்க வெக்காதடா" என்றேன். அதோடு வெட்கம் போய்விட்டது. திரும்ப வரவேயில்லை. தெருவில் சிலர், பெண் பிள்ளை இல்லாத வீடு, பாவம் என்று பேசினார்கள். எனக்கு யார்மேலும் கோபமில்லை. அவர்களுக்கு உன்னைத் தெரியாது.

வலி போய்விட்டது, பிரபு. அதை நம்பக் கொஞ்ச காலம் ஆனது. அந்தப் பழைய குத்தல் இல்லை. ஆனால் நடை வரவில்லை. வாக்கர் போய்க் கைத்தடி வந்த பிறகும் இழுத்து இழுத்து நடந்தேன். இடது கால் நீளமாகிவிட்டது போல இருந்தது. முதுகு வலித்தது. டாக்டர் படுக்க வைத்து அளந்து பார்த்தார். எக்ஸ்ரே பார்த்தார். "கால் ரெண்டும் சமமா இருக்கு. மூட்டு அழகா உக்காந்திருக்கு. கொஞ்ச நாள் நீளமாத்தான் தோணும். வருஷக்கணக்கா நொண்டின பழக்கம், மெதுவாப் போகும்" என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. வழுக்கி விழக் கூடாது, செருப்பில்லாமல் ஒரு அடி வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். கட்டிலிலிருந்து காலை இறக்கியதும் நீ குச்சி கட்டிய கரண்டியால் செருப்பை மாட்டிவிடுவாய். அவ்வளவு கவனமாக இருந்தோம்.

அப்பா ஒருநாள், "இவ்வளவு பேஜார் பட்டதுக்கு ஆபரேஷன் சரியா வரலியோ" என்றார். எத்தியோப்பியாவிலிருந்து பதில் கேட்டு ஈமெயில் வந்திருந்தது. பிரவுசிங் சென்டருக்குப் போய் வந்தாய். "எழுதிட்டேன். வரலன்னு" என்றாய். பிறகு என் காலைக் கட்டிலில் ஏற்றினாய். எப்போதும் போல, அதே மாதிரி மெதுவாக.

ஆபரேஷனுக்குப் பிறகு சர்ச்சுக்குப் போன முதல் ஞாயிறு. நம் சர்ச்சில் செருப்பை வெளியில்தான் விட வேண்டும். டாக்டர் சொன்னதா, சர்ச் வழக்கமா என்று அப்பா வாசலில் தடுமாறினார். "தரை காஞ்சிருக்கு, வழுக்காது. நான் பின்னாடியே வர்றேன்" என்று நீ என் செருப்பைக் கழற்றினாய். வெறுங்காலில் உள்ளே போனேன். கல் தரை ஜில்லென்று இருந்தது. எல்லோரும் எழுந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அப்பா பக்கத்தில், நீ பெஞ்சில் போட வேண்டிய உயர மெத்தையோடு பின்னால். நடுவழியில் பாதி தூரம் போயிருப்பேன்.

"ம்மா, நில்லு."

பாட்டுக்கு மேலாக உன் குரல். நின்றேன். எனக்கு ஏதோ ரத்தம் கசிகிறது என்று நினைத்துவிட்டேன்.

"திரும்பி நட. வாசல் வரைக்கும் நட."

"டேய், சர்ச்சுடா" என்றார் அப்பா.

நடந்தேன். பாடிக்கொண்டே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன் முகத்தைப் பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்துதான் எனக்குப் புரிந்தது. நான் நொண்டவில்லை. ஒரு அடி, இன்னொரு அடி. இரண்டும் ஒரே அழுத்தம். இத்தனை வருஷத்தில் என் கால்கள் அப்படி விழுந்து நான் கேட்டதில்லை. நீ மெத்தையை அப்பா கையில் திணித்துவிட்டு வெளியே ஓடினாய். கைத்தடியை ஊன்றிக்கொண்டு நாங்கள் வாசலுக்கு வந்தபோது, செருப்புக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து என் இடது செருப்பின் அடியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாய்.

"இன்னாடா ஆச்சு? செருப்பு மாறிப்போச்சா?" என்றார் அப்பா.

"கால் குட்டையா இருந்தப்ப ஏத்தினது. டாக்டர் காலைச் சரி பண்ணிட்டார். இத நான் எறக்கவேயில்லப்பா." செருப்பை மடியில் கவிழ்த்துக்கொண்டாய். நான் அந்தப் படியில் உட்கார முடியாமல், குனிந்து உன் தலையைத் தொட முடியாமல், நின்றுகொண்டே இருந்தேன். உள்ளே அடுத்த பாட்டு ஆரம்பித்தது.

வருகிறேன் என்று அன்று சாயங்காலமே அவர்களுக்குத் திரும்ப எழுதினாய். வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்று பதில் வந்தது. நீ அதை எங்களிடம் சொன்ன விதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ஆள் போட்டுட்டாங்களாம்" என்றாய். தட்டை எடுத்து வைத்துக்கொண்டாய். குழம்பு போதும் என்றாய். சாப்பிட்டு முடித்துவிட்டு, "வேலை போனா போவட்டும்மா. டாக்டருக்கே தெரியாத மாதிரி செருப்பு செஞ்சிருக்கேன். அங்க இருக்கறவன் யாரும் இப்படிச் செஞ்சிருக்க மாட்டான்" என்று சிரித்தாய். மறுநாள் எல்லாச் செருப்பையும் பிரித்து அடியைச் சமப்படுத்தினாய். அந்த வேலையைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல் கிடையாது. என்மேல் கோபம் காட்டியிருக்கலாம், உன்மேலேயே காட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டும் இல்லை. காலையில் எழுந்து ஃபேக்டரிக்குப் போனாய். படித்தவள் என்று பெயர் எடுத்த எனக்கு, இழப்பை இப்படிச் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளத் தெரியாது. உன்னிடம் அதைப் பார்த்து நின்றேன். வியப்பு என்பதைத் தவிர வேறு சொல் அதற்கு எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது எத்தியோப்பியாவிலேயே இன்னொரு ஃபேக்டரி, அதே வேலை. இப்படி இரண்டு தடவை வருவது அபூர்வம். மூன்றாவது தடவை வராது.

போன வாரம் விடைத்தாள் திருத்த வேலூருக்குப் போய் வந்தேன் இல்லையா, அதில் ஒருநாள் திருத்தி முடித்ததும் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். வலது பக்கம் கொஞ்ச காலமாகவே எழுந்திருக்கும்போது பிடிக்கிறது. இத்தனை வருஷம் இடது காலின் சுமையையும் சேர்த்துத் தூக்கியது அதுதானே. "அவசரமில்ல. ஆனா இடது மாதிரி வருஷக்கணக்கா தள்ளாதீங்க" என்றார். கோடை விடுமுறையில் செய்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

இதைப் படித்ததும் நீ என்ன கணக்குப் போடுவாய் என்று எனக்குத் தெரியும். ஆபரேஷன் வரைக்கும் இருந்துவிட்டுப் போகிறேன் என்பாய். வேண்டாம். அதற்குக் காரணம் சொல்கிறேன், தியாகம் என்று நினைத்துக்கொள்ளாதே.

முதல் காரணம், எனக்கு வழி தெரியும். கட்டில் உயரமாகத்தான் இருக்கிறது. நாற்காலி இருக்கிறது. முக்கோணத் தலையணை அலமாரியில் இருக்கிறது. பல் டாக்டரிடம் நானே போவேன். ஷமீம் அக்காவிடம் சொல்லிவிட்டேன். "அந்தக் காலுக்குச் செஞ்சேன், இந்தக் காலுக்குச் செய்ய மாட்டேனா" என்று திட்டினார். இம்ரான் இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு ஊசி போட்டுக்கொள்வானாம். தெருவில் வாக்கரோடு நடக்கவும் எனக்கு வெட்கமில்லை. நீ ஒரு தடவை செய்து காட்டியது போதும். முதல் ஜோடியைச் சரியாகச் செய்துவிட்டால் அடுத்ததை மற்றவர்கள் பார்த்துச் செய்துகொள்ளலாம், அதற்குத்தானே சாம்பிள் ரூம் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் கஷ்டமானது. உன்னைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. நீ எல்லாவற்றையும் அவ்வளவு நன்றாகச் செய்தாய். வேறு யாரும் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. அப்பா வெளியே உட்கார்ந்திருந்தார். நான் அதைப் பயம் என்று மட்டும் நினைத்தேன். பயம்தான். ஆனால் உள்ளே அவருக்கு இடமும் இல்லை. அவர் எழுந்து வருவதற்குள் நீ தண்ணீர் கொண்டுவந்திருப்பாய். மாத்திரை நேரம் அவருக்கு ஞாபகம் வருவதற்குள் நான் அதை விழுங்கியிருப்பேன். ஒருநாள் என் கால்மாட்டில் வந்து நின்று, "எதாவது புடிக்கணுமா?" என்று கேட்டார். "இல்லப்பா, முடிஞ்சிடுச்சு" என்றாய். அன்பாகத்தான் சொன்னாய். அவர் திரும்பிப் போன நடை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. என்னோடு வாழ்ந்த மனிதர் அவர். என் வலியை அத்தனை வருஷமும் பக்கத்துப் படுக்கையிலிருந்து கேட்டவர்.

அதனால் உனக்கு என் ஒரே புத்திமதி இது. அங்கே தனியாக இருப்பாய். சமையல், துணி, காய்ச்சல், எல்லாவற்றையும் நீயே பார்த்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் விட்டுவிடு. யாராவது வந்து "எதாவது புடிக்கணுமா" என்று கேட்டால், பிடிக்க ஒரு முனையைக் கொடு. அவர்கள் கோணலாகப் பிடித்தாலும் கொடு. நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்தாலும் அப்படித்தான். நீ நன்றாகச் செய்கிறவன். நன்றாகச் செய்கிறவனோடு வாழ்கிறவர்களுக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது.

இதுவரை எழுதியபோது அப்பா உள்ளே வந்தார். பேப்பர் கையிலேயே இருந்தது.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"அவன் போவ மாட்டான் பாரு."

"போவான். நீங்க கத்துக்கிட்டீங்கன்னா போவான்."

"நான் இன்னா கத்துக்கணும்?"

"காலைத் தூக்கி வெக்கறது."

பெட்டியைப் பார்த்தார். பிறகு பேப்பரை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, "சரி, படு" என்றார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சாய்ந்தேன். வலது காலைத் தொங்கவிட்டேன். அவர் கணுக்காலைப் பிடித்தார். "அங்க இல்லங்க. குதிகாலுக்கு அடியில ஒரு கை, முட்டிக்கு அடியில ஒரு கை. ரெண்டையும் சேத்துத் தூக்கணும்." மாற்றிப் பிடித்தார். தூக்கினார். பாதி உயரத்தில் அப்படியே நிறுத்திவிட்டார். "வலிக்குதா?" என்றார். "இல்ல" என்றேன். "வலிச்சா சொல்லு" என்றார். என் கால் அவர் கையில் இருந்தது. அதைக் கீழே விடவும் இல்லை, அவசரப்பட்டுக் கட்டிலில் போடவும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு வந்து மெத்தைமேல் வைத்துவிட்டு, "இன்னொரு வாட்டி" என்றார்.

நாலாவது தடவை நன்றாக வந்தது. நீ கிளம்பு.

அம்மா